தண்ணீர் ஏற்றுதல்: எந்த நீர், யாருக்கு, எவ்வளவு?

ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் பண்டார் தெங்காரா. 1972-ஆம் ஆண்டில் சட்டத்தின் வழி நிறுவப்பெற்ற ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய புதிய ஊர்களுள் அஃது ஒன்று. பெரிய மருத்துவமனை வேண்டுமாயின் கூலாய்க்கோ, கோத்தா திங்கிக்கோ, ஜொகூர் பாருவுக்கோ செல்ல வேண்டும். இத்தகைய ஊரில் ஒருவர் டிங்கிக் காய்ச்சலால் துவண்டு விழுந்தால், அவருடைய கையில் முதன்முதலாக ஏறுவது மாத்திரையன்று, மருந்தூசியுமன்று. சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் ஒரு புட்டி நீரே ஆகும்.

இதனை மக்கள் "தண்ணீர் ஏற்றுதல்" என்பர். தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் இச்சொல் வழங்குகின்றது. சொல் எளிது, ஆனால் அதனால் விளைந்த மயக்கம் பெரிது. தண்ணீர்தானே, எந்தத் தண்ணீராயினும் என்ன, எவ்வளவு ஏற்றினாலும் நன்மைதானே என்ற எண்ணம் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுள்ளது. மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறக்குறைய இவ்வாறே எண்ணியிருந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் பல்லாயிரம் நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வுகளே அவ்வெண்ணத்தை மாற்றின. புட்டியில் உள்ளது வெறும் தண்ணீர் அன்று, மருந்து என்பதே அவ்வாய்வுகள் உணர்த்திய உண்மை. மருந்து என்றால் அதற்கு வகை உண்டு, அளவு உண்டு, காலம் உண்டு, கேடும் உண்டு.

வாய்க்காலும் வயலும் பயிரும்

அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆடவரின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் உள்ளது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 லிட்டர், உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கின்றது. எஞ்சிய 12 லிட்டர் உயிரணுக்களுக்கு வெளியே உள்ளது. அந்தப் பன்னிரண்டிலும் ஏறக்குறைய 9 லிட்டர் தசைகளின் இடைவெளிகளில் தங்கியிருக்கும். குருதிக் குழாய்களில் ஓடும் நீர் சுமார் 3 லிட்டரே.

இதனை வயலோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். குருதிக் குழாய் வாய்க்கால், தசைகளின் இடைவெளி வயல், உயிரணு பயிர். வாய்க்காலில் நீர் ஓடினால்தான் கடைமடை வரை வளம் சென்று சேரும். கடுமையான கழிச்சல், குருதிப் பெருக்கு, நச்சுக் கிருமியின் தாக்குதல், டிங்கி ஆகியவற்றில் வாய்க்கால் வற்றுகின்றது. அப்போது குருதியழுத்தம் வீழ்கின்றது. சிறுநீரகமும் மூளையும் வாடுகின்றன. மருத்துவர் செய்ய முனைவது வாய்க்காலை மீண்டும் நிரப்புவதாகும்.

ஆனால் வாய்க்காலில் விட்ட நீரெல்லாம் வாய்க்காலிலேயே நிற்பதில்லை. குளுக்கோஸ் நீரை எடுத்துக்கொள்க. லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ் கலந்த நீர் அது. உடலுக்குள் சென்றதும் சர்க்கரை செலவாகிவிடும்; எஞ்சுவது வெறும் நீரே. அது உடலின் மூன்று பகுதிகளுக்கும் பரவிவிடுகின்றது. ஒரு லிட்டர் ஏற்றினால் வாய்க்காலில் நிற்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலால் குருதியழுத்தம் வீழ்ந்த நோயாளரைக் காப்பதற்கு அஃது உதவாது. மூளையில் அடிபட்டோருக்கு அது தீங்கும் செய்யும்; மிகுந்த நீர் மூளை உயிரணுக்களில் புகுந்து அவற்றை வீங்கச் செய்துவிடும். குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை குறைவு. ஒரு லிட்டர் புட்டியில் உள்ள ஆற்றல் 200 கலோரிக்கும் உட்பட்டதே. வயிறார உண்ணும் ஒரு வேளைச் சோறு அதனினும் மிகுதியான ஆற்றலைத் தரும்.

உப்புநீரின் இயல்பு வேறு. உப்பு உயிரணுக்களுக்குள் எளிதிற் புகாது. ஆதலால் உப்புநீர் வாய்க்காலிலும் வயலிலும் மட்டும் பரவும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குருதியில் தங்கும். நோய் முற்றியவரிடத்தில் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குவதால், அந்தப் பங்கும் நெடுநேரம் நிற்பதில்லை.

காலரா காட்டிய வழி

இந்தச் சிகிச்சையின் தோற்றம் காலராவோடு பிணைந்தது. 1831-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நோய் பிரிட்டனைத் தாக்கிற்று. வில்லியம் புரூக் ஓஷானசி என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் காலரா நோயாளரின் குருதியை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். குறைந்ததைச் சிரை வழியே திரும்பச் செலுத்தலாம் என்பது அவர் கூறிய யோசனை. இவரே பின்னர்க் கல்கத்தாவுக்கு வந்து, அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும், இந்தியத் தந்தித் துறையைத் தொடங்கி வளர்த்தவராகவும் புகழ் பெற்றவர்.

அந்த யோசனையை 1832-இல் செயலாக்கியவர் ஸ்காத்லாந்தின் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லாட்டா. முதலில் அவர் தேர்ந்துகொண்டது மரணத்தின் விளிம்பில் இருந்த ஒரு முதிய பெண்மணியை. சிறிது சிறிதாக ஆறு பைண்ட் நீர் செலுத்தப்பட்டது. குழிந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி திரும்பிற்று. அவர் பிழைத்துவிட்டார் என்று எண்ணி லாட்டா ஓய்வு கொள்ளச் சென்றார். கழிச்சல் மீண்டும் தொடங்கியபோது நீர் செலுத்துவார் இல்லை. ஐந்தரை மணி நேரத்தில் அப்பெண்மணி இறந்தார். நீர் உயிரை மீட்கும் என்பதையும், அருகிலிருந்து அளவறிந்து தொடர்ந்தாலன்றி மீட்ட உயிர் நில்லாது என்பதையும் அந்த ஒரே நிகழ்ச்சி காட்டிவிட்டது.

லாட்டாவின் முறை விரைவில் மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் என்பவர் செறிவு மிகுந்த உப்புநீரைக் காலரா நோயாளருக்குச் செலுத்தினார். நூற்றுக்கு அறுபது அளவில் இருந்த இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சிரைவழி நீர் மருத்துவத்தின் வரலாற்றில் இந்தியாவுக்கு உள்ள இடம் சிறிதன்று.

"இயல்பான" உப்புநீர் இயல்பானதா?

இன்று மருத்துவமனைகளில் பெருவழக்காக உள்ளது லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீர். இதனை ஆங்கில வழக்கில் "இயல்பான உப்புநீர்" என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். டச்சு அறிஞர் ஹாம்பர்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிவப்பணுக்களைப் பலவகை உப்புநீரில் இட்டு ஆராய்ந்தார். அவை எந்தச் செறிவில் சிதையாமல் நிற்கின்றன என்று கண்டதிலிருந்து இந்த அளவு வழக்குக்கு வந்தது. ஆனால் சிவப்பணு சிதையாதிருப்பது ஒன்று; உடலுக்கு இயல்பாயிருப்பது மற்றொன்று.

வேறுபாடு குளோரைடில் உள்ளது. உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. குருதி நீரில் லிட்டருக்குச் சோடியம் ஏறத்தாழ 140 அலகு, குளோரைடு ஏறத்தாழ 100 அலகு இருக்கும். உப்புநீரிலோ இரண்டும் 154. சோடியம் சற்றே மிகுதி. குளோரைடோ ஒன்றரை மடங்கு. இதனைப் பல லிட்டர் ஏற்றும்போது குருதியில் அமிலத்தன்மை கூடுகின்றது. குளோரைடு மிகுந்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் குழாய்கள் சுருங்கக்கூடும் என்பதும் சோதனைகளில் காணப்பட்டது. வேறொரு வகையாலும் இதனை நோக்கலாம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு லிட்டர் புட்டியிலோ ஏறத்தாழ இரண்டு நாள் உப்பு அடங்கியிருக்கின்றது.

குருதியின் இயல்புக்கு நெருங்கிய நீரைத் தேடியவர்களும் இருந்தனர். இலண்டனில் சிட்னி ரிங்கர் 1880-களில் தவளையின் இதயத்தை உப்புநீரில் இட்டுத் துடிக்கச் செய்து வந்தார். அந்நீர் காய்ச்சி வடித்த நீரன்று, குழாய் நீர் என்பது பின்னர்த் தெரியவந்தது. வடித்த நீரில் இட்டபோது இதயம் துடிப்பை இழந்தது. குழாய் நீரில் இருந்த சுண்ணச் சத்தே துடிப்பைக் காத்தது என்று ரிங்கர் உணர்ந்தார். 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், ரிங்கர் கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார். கல்லீரல் அதனைக் காரமாக மாற்றி, அமிலத்தன்மையைத் தணிக்கும். ஹார்ட்மன் கரைசல், ரிங்கர் லாக்டேட் என்னும் பெயர்களால் வழங்குவது இதுவே. இதில் குளோரைடு 110 அலகளவே உள்ளது. இவ்வகை நீர்களைச் சமன்செய்த கரைசல் என்பர்.

இரண்டில் எது சிறந்தது? அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் 15,802 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. அதில் இருவகை நீரும் மாதத்துக்கு மாதம் மாறி மாறித் தரப்பட்டன. இறப்பு, புதிதாகக் குருதிச் சுத்திகரிப்பு வேண்டுதல், நீங்காத சிறுநீரகக் கேடு ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணியபோது, உப்புநீர் பெற்றோரில் நூற்றுக்கு 15.4 பேரும், சமன்செய்த கரைசல் பெற்றோரில் 14.3 பேரும் பாதிக்கப்பட்டிருந்தனர். நூற்றுக்கு ஒருவர் என்பது சிறு வேறுபாடே. ஆயினும் உலகெங்கும் நாள்தோறும் ஏற்றப்படும் புட்டிகளின் எண்ணிக்கையை நினைத்தால் அது சிறிதன்று.

பின்வந்த ஆய்வுகள் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. பிரேசிலில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், தொண்ணூறு நாளில் இறந்தோர் நூற்றுக்கு 26.4, 27.2 என நெருங்கியே இருந்தனர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 5,037 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்விலும் 21.8, 22.0 என ஏறத்தாழச் சமமே. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், சமன்செய்த கரைசலால் சிறு நன்மை இருக்கக்கூடும் என்ற அளவே சொல்லலாம், ஐயமற நிறுவப்படவில்லை.

ஆனால் ஒரு செய்தி மறக்கத்தக்கதன்று. பிரேசில் ஆய்வில் தலையில் அடிபட்டு மூளை சிதைந்தவர்களைத் தனியே எண்ணியபோது, சமன்செய்த கரைசல் பெற்றோரில் நூற்றுக்கு 31.3 பேரும், உப்புநீர் பெற்றோரில் 21.1 பேரும் இறந்திருந்தனர். மற்றவர்க்கு நன்மை தரக்கூடிய நீரே இவர்களுக்குத் தீங்காகத் தோன்றுகின்றது. ஆகவே "எது சிறந்த நீர்?" என்ற வினா தனியே நில்லாது; "யாருக்கு?" என்ற வினாவும் அதனோடு சேர்ந்தே வரவேண்டும்.

கூழ்மக் கரைசலின் கதை

உப்பும் சர்க்கரையும் கரைந்த நீரைப் படிகக் கரைசல் என்பர். பெரிய மூலக்கூறுகள் கலந்த நீரைக் கூழ்மக் கரைசல் என்பர். படிகம், கூழ்மம் என்ற இப்பாகுபாட்டை 1861-இல் வகுத்தவர் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலறிஞர். மனிதக் குருதியிலிருந்து பிரிக்கும் அல்புமின் என்னும் புரதம், மாவுச்சத்தை மாற்றியமைத்த ஸ்டார்ச், சர்க்கரையிலிருந்து பெறும் டெக்ஸ்ட்ரான் முதலியன கூழ்மக் கரைசலின் வகைகள்.

இவற்றின் கொள்கை கவர்ச்சியானது. பெரிய மூலக்கூறு குழாய்ச் சுவரைத் தாண்டாது. தாண்டாமல் நின்று நீரையும் பிடித்து வைக்கும். வாய்க்காலுக்குக் களிமண் பூசியது போல நீர் கசியாது நிற்கும். குறைந்த அளவு நீரில் மிகுந்த பயன் கிட்டும். இந்தக் கணக்கு ஏட்டில் அழகாக இருந்தது. நோயாளரின் உடலிலோ கரையே உடைந்துள்ளது. பெரிய மூலக்கூறும் கசிந்து வெளியேறுகின்றது.

அல்புமினை உப்புநீரோடு ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 6,997 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. இருபத்தெட்டு நாளில் அல்புமின் பெற்றோரில் 726 பேரும், உப்புநீர் பெற்றோரில் 729 பேரும் இறந்தனர். விலையோ பன்மடங்கு, பயனோ ஒன்றே. மூளையில் அடிபட்டோரை இரண்டாண்டு தொடர்ந்து நோக்கியபோது, அல்புமின் பெற்றோரில் நூற்றுக்கு 33.2 பேரும், உப்புநீர் பெற்றோரில் 20.4 பேரும் இறந்திருந்தனர். கல்லீரல் நோயின் சில நிலைகளில் அல்புமின் பயன்படுகின்றது. அஃது எல்லார்க்கும் உரியதன்று.

ஸ்டார்ச் கரைசலின் கதை இதனினும் கவலை தருவது. அது தீங்கற்றது என்று காட்டிய கட்டுரைகள் பல யோவாகிம் போல்ட் என்ற ஜெர்மானிய மயக்க மருத்துவரால் எழுதப்பட்டவை. 2010-இல் அவர் கட்டுரைகளைப் பற்றி ஐயம் எழுந்தது. முறையான அனுமதியின்றி நடந்தவை என்றும், புனைந்த தரவுகள் கொண்டவை என்றும் விசாரணைகளில் தெரியவர, 2011-இல் எண்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இதழ்கள் திரும்பப் பெற்றன. அவருடைய ஆய்வுகளை நீக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தபோது, ஸ்டார்ச் பெற்றோரிடையே இறப்பு மிகுந்திருப்பது வெளிப்பட்டது.

2012-இல் நேர்மையான பெரிய ஆய்வுகள் இரண்டு வெளியாயின. ஸ்காண்டிநேவிய நாடுகளில் கடும் கிருமித் தொற்றுக்கு ஆளான 798 பேரில், ஸ்டார்ச் பெற்றோர் நூற்றுக்கு 51 பேரும், ரிங்கர் வகைக் கரைசல் பெற்றோர் 43 பேரும் தொண்ணூறு நாளில் இறந்தனர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 7,000 பேரிடம் நடந்த ஆய்வில் இறப்பு வேறுபடவில்லை. ஆனால் குருதிச் சுத்திகரிப்பு வேண்டியவர்கள் உப்புநீர் பெற்றோரில் நூற்றுக்கு 5.8, ஸ்டார்ச் பெற்றோரில் 7.0. இறுதியில் 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஸ்டார்ச் கரைசல்களின் விற்பனை உரிமத்தை நிறுத்தி வைத்தது. பொய்க் கணக்கு ஒன்று ஏட்டில் புகுந்தால், அதன் விலையை நோயாளர் தம் சிறுநீரகத்தாலும் உயிராலும் செலுத்த நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

டிங்கியில் அளவே உயிர்

மலேசிய மக்களுக்கு இந்த ஆராய்ச்சி தொலைநாட்டுச் செய்தியன்று. 2019-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். டிங்கிக் கிருமியை ஒழிக்கும் தனி மருந்து இன்றும் வழக்கில் இல்லை. கடும் டிங்கியில் உயிரைக் காப்பது, தக்க நீரைத் தக்க அளவில் தக்க காலத்தில் தருவதேயாகும்.

டிங்கியின் இயல்பு வஞ்சகமானது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது பேராபத்து இல்லை. காய்ச்சல் இறங்கும்போதே ஆபத்து தொடங்குகின்றது. நோய் கண்ட மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்கும். குருதி நீர் வெளியேற, சிவப்பணுக்களின் விகிதம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இந்தக் கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரமே நீடிக்கும். பின்னர்ச் சுவர்கள் அடைபட்டு, வெளியேறிய நீர் தானாகவே குழாய்களுக்குத் திரும்பும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, அதிர்ச்சியின் தொடக்க நிலையில் படிகக் கரைசலைக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் வீதம் ஒரு மணி நேரத்தில் தரச் சொல்கின்றது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 300 முதல் 600 மில்லிலிட்டர். பிறகு நாடியையும் சிறுநீரையும் சிவப்பணு விகிதத்தையும் பார்த்துப் பார்த்து வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குறைக்காமல் தொடர்ந்தால் என்னாகும்? கசிந்த நீர் குழாய்க்குத் திரும்பும் வேளையில் புட்டி நீரும் சேர்ந்துகொள்ளும். மிகுந்த நீர் நுரையீரலில் தேங்கும். நோயாளர் மூச்சுத் திணறுவார். டிங்கியிலிருந்து தப்பியவர் தண்ணீரால் இறக்க நேரிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இவ்விடத்தில் உவமையன்று, உண்மை நிகழ்ச்சி.

படிகமா கூழ்மமா என்ற வினாவும் டிங்கியில் ஆராயப்பட்டது. வியட்நாமில் டிங்கி அதிர்ச்சிக்கு ஆளான சிறுவர்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், நடுத்தர அதிர்ச்சி கண்ட 383 பேருக்கு ரிங்கர் லாக்டேட், டெக்ஸ்ட்ரான், ஸ்டார்ச் ஆகியவற்றில் ஒன்று தரப்பட்டது. விலை மலிந்த ரிங்கர் லாக்டேட்டே மற்றவற்றுக்கு ஈடாக நின்றது. சிறுவரிடம் கண்ட இம்முடிவை முதியவருக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் விலையுயர்ந்ததே வலியது என்ற எண்ணத்தை அது தகர்க்கின்றது.

கிருமித் தொற்றால் குருதியழுத்தம் வீழ்ந்தவர்க்கும் அளவு பற்றிய வினா உண்டு. மிகுதியாக நீர் தருவது நன்றா, நீரைக் குறைத்து அழுத்தம் உயர்த்தும் மருந்தை விரைவில் தொடங்குவது நன்றா என்று அமெரிக்காவில் 1,563 பேரிடம் ஆராய்ந்தனர். 2023-இல் வெளியான முடிவில் இறப்பு நூற்றுக்கு 14.9, 14.0 என நெருங்கியே இருந்தது. எல்லார்க்கும் ஒரே அளவு என்று எழுதிவைக்க இயலாது. நோயாளரின் அருகில் நின்று மீண்டும் மீண்டும் நோக்குவதற்கு ஈடான சூத்திரம் இல்லை என்பதே இதன் பொருள்.

வீட்டார் அறிய வேண்டுவது

பண்டார் தெங்காரா போன்ற ஊரில் முதல் புட்டி அருகிலுள்ள மருத்துவ நிலையத்தில் தொடங்கும். நோய் முற்றினால் எஞ்சிய மருத்துவம் தொலைவிலுள்ள மருத்துவமனையில் தொடரும். எந்த நீர், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு உள்ளே சென்றது, சிறுநீர் எவ்வளவு கழிந்தது என்ற குறிப்பு நோயாளரோடு செல்ல வேண்டும். அடுத்த மருத்துவர் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அக்குறிப்பைக் கொண்டே. லாட்டாவின் நோயாளர் இறந்தது நீர் இல்லாமையால் மட்டுமன்று; பார்த்துத் தொடர்வார் இல்லாமையால்.

வாயால் பருக இயன்றவருக்குப் புட்டி வேண்டுவதில்லை. 1971-இல் வங்காளதேசப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு நாலுக்கும் கீழே இறங்கிற்று. டிங்கி கண்டவருக்கும், பருக முடிகின்ற வரையில், உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் பழச்சாறும் ஏற்றவையே. ஓயாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ குருதி, சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று வீட்டிலிருத்தல் கூடாது. அந்நேரமே மருத்துவமனை சேர வேண்டும்.

அங்கே வீட்டார் கேட்கத்தக்க கேள்வி, "இன்னும் ஒரு புட்டி ஏற்றக்கூடாதா?" என்பதன்று. "என்ன நீர் தருகிறீர்கள், எதற்காக, எப்போது நிறுத்துவீர்கள்?" என்பதே. பள்ளியில் ஆசிரியர் இதனை ஒருமுறை எடுத்துரைத்தால், மாணவர் வாயிலாக அது பல வீடுகளைச் சென்றடையும். "தண்ணீர் ஏற்றுதல்" என்னும் சொல்லை மாற்ற இயலாமற் போகலாம். அச்சொல்லைக் கேட்கும்போது மருந்து என்ற எண்ணம் எழுமாயின் அதுவே போதும்.